ஆக்சஸ் பாயிண்டை எங்கே மாட்டுவது: கூரையா, சுவரா, அலமாரியா?

வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றை வாங்கிப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு வட்டத் தட்டு இருக்கும். கூடவே ஒரு பின்தகடு, சில ஸ்குரூ, பிளாஸ்டிக் பிளக், பொடி எழுத்தில் ஒரு தாள். கூரையிலும் மாட்டலாம், சுவரிலும் மாட்டலாம் என்று அந்தத் தாளில் படம் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டுக்கு எது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே வைத்துவிட்டு, படுக்கையறையில் சிக்னல் வரவில்லை என்று புலம்புகிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியால் வரும் ஆபத்து மிகக் குறைவு. அதை மாட்டுவதற்காக ஏறும் ஏணி, போடும் துளை, அதற்காக இழுக்கும் கரன்ட் ஆகிய மூன்றில்தான் ஆபத்து இருக்கிறது. அதனால் "எந்த இடத்தில் சிக்னல் நன்றாக வரும்" என்பது பாதிக் கேள்விதான். "அந்த இடத்துக்குக் கரன்ட் எப்படிப் போகும்" என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பல வீடுகளில் முடிவு தானாக விழுந்துவிடும்.

வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவந்து பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். அதிலிருந்து ஒரு கேபிளை வாங்கி, வேறொரு இடத்தில் வைஃபையாக மாற்றித் தருவது ஆக்சஸ் பாயிண்ட். ரவுட்டருக்குள்ளேயும் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் இருக்கத்தான் செய்கிறது. அது போதாத வீடுகளைப் பற்றியே இங்கே பேசுகிறோம். அதுவும் வீட்டுக்குள் மாட்டுவது பற்றி மட்டும். வெளிச்சுவரில் மழையில் நனைய வைப்பதற்கான சாதனமே வேறு, அதன் விதிகளும் வேறு.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் சிக்னல். வைஃபை அலையை எல்லாச் சுவரும் ஒரே அளவில் தடுப்பதில்லை. ஜிப்சம் பலகைச் சுவர் சுமார் 3 டெசிபலைத் தின்னும். 3 டெசிபல் என்றால் வலிமை பாதியாகிறது என்று பொருள். செங்கல் சுவர் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு டெசிபலை எடுத்துக்கொள்ளும். கம்பி கட்டிய கான்க்ரீட் இன்னும் மோசம். வைஃபை ஓடும் அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் சீக்கிரம் களைத்துவிடும், 6 கிகாஹெர்ட்ஸ் அதற்கும் முன்பே. இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி எல்லாம் தனித்தனிச் சுவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கரன்ட். வீட்டு மின்சாரத்தை அந்த இடம் வரை கொண்டுபோக வேண்டுமா, அல்லது லேன் கேபிளே மின்சாரத்தையும் சுமந்து போகுமா? பாதுகாப்பைப் பொறுத்தவரை நான் அதிக மதிப்பெண் தருவது இதற்குத்தான்.

மூன்றாவது உயரமும் பிடிமானமும். தலைக்கு மேலே மாட்டிய பொருள் விழக்கூடாது, மாட்டுகிறவரும் விழக்கூடாது.

நான்காவது வெப்பம். வீட்டுக்குள் மாட்டும் ஆக்சஸ் பாயிண்டுகளில் பெரும்பாலானவை சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. காற்றோட்டமில்லாத மூலையில் வைத்தால், சாதனம் தன் சூட்டிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

ஐந்தாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பிறகு கை எட்டுமா? ரீசெட் பட்டன் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். என்றாவது ஒருநாள் அதை அழுத்த வேண்டி வரும், அன்றைக்கும் ஏணி வேண்டும்.

கூரையில் மாட்டினால்

வட்டத் தட்டு மாதிரி இருக்கும் ஆக்சஸ் பாயிண்டுகள் கூரைக்காகவே செய்யப்பட்டவை. அவற்றின் ஆன்டெனா அலையைக் குடை விரித்தாற்போலக் கீழும் பக்கவாட்டிலும் பரப்பும். மேலிருந்து பார்த்தால் பீரோ, சோபா, மனிதர்கள் என எதுவும் பெரிதாகக் குறுக்கே வருவதில்லை. இரண்டரை மீட்டரிலிருந்து மூன்றரை மீட்டர் வரையிலான கூரைக்கு இது நன்றாகப் பொருந்தும். மாடிவரை திறந்திருக்கும் உயரமான கூடத்தில் அவ்வளவு மேலே மாட்டுவதில் பயனில்லை. கீழே வந்து சேர்வதற்குள் சிக்னல் தேய்ந்துவிடும், ஏறுவதும் வம்பு.

சிக்னலில் கூரைக்கே முதலிடம். ஆனால் மறைமுகச் செலவும் இங்கேதான் அதிகம்.

கான்க்ரீட் கூரையில் துளை போடுவதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கூரைக்குள் கம்பி ஓடுகிறது. மின்விசிறிக்கும் விளக்குக்கும் போகும் ஒயர் பைப்பும் பல கட்டடங்களில் கூரைத் தளத்துக்குள்ளேயே புதைந்து ஓடுகிறது. அதனால் விசிறிக் கொக்கியையும் விளக்குப் புள்ளியையும் ஒட்டித் துளை போடாதீர்கள். அவை இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டிலும், அங்கிருந்து ஸ்விட்ச் போர்டு இருக்கும் சுவரை நோக்கிய கோட்டிலும் கை வைக்க வேண்டாம். ஒயர் கண்டறியும் கருவி ஒன்றை இரவல் வாங்கியாவது ஓட்டிப் பாருங்கள். டிரில் பிட்டில் பிளாஸ்டிக் பிளக்கின் நீளத்தைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக அளந்து டேப் சுற்றிக்கொண்டால், எங்கே நிறுத்துவது என்று தெரியும். துளைத்துக்கொண்டே போகும்போது பிட் சட்டென்று முன்னேறாமல் நின்று, சத்தம் மாறினால் கம்பியில் இடித்திருக்கிறீர்கள். பலம் கொடுத்து அழுத்தாதீர்கள். சில சென்டிமீட்டர் தள்ளிப் புதிதாகப் போடுங்கள். பிறகு துளையில் இருக்கும் தூளை ஊதி எடுக்க வேண்டும். தூளோடு அடித்த பிளக் பிடிப்பது போலத் தெரியும், கீழ்நோக்கித் தொங்கும் எடையில் மெல்ல நழுவிவிடும். தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும் என்பதால் கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது.

அடுக்குமாடிக் கட்டடங்கள் சிலவற்றில் தளத்துக்குள் இழுவிசையில் இறுக்கிய எஃகு வடங்கள் இருக்கும். அப்படிப்பட்ட கூரையில் ஸ்கேன் செய்யாமல் துளை போடுவதற்குப் பேச்சே இல்லை. கட்டட நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுத்தான் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும்.

ஏணி விஷயத்தில் சுவரில் சாய்க்கும் ஏணி கூரை வேலைக்கு உதவாது. நடு அறையில் அதைச் சாய்க்க இடம் ஏது? இரண்டு பக்கமும் கால் விரிக்கும் மடக்கு ஏணி வேண்டும். அதன் உச்சிப் படியில் நிற்கக்கூடாது, ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறுகிற வித்தையை விட்டுவிடுங்கள். விசிறியை ஸ்விட்ச்சில் மட்டும் அணைத்தால் போதாது. யாராவது வந்து பழக்கத்தில் தட்டிவிடுவார்கள். மெயின் பாக்ஸில் அந்த அறையின் கரன்டைத் துண்டிக்கும் எம்சிபியையே இறக்கிவிடுங்கள். டிரில்லுக்கான கரன்டை வேறு அறையிலிருந்து எடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் இருக்கும் வீட்டில் ஆக்சஸ் பாயிண்டை அதற்கு மேலே ஒளித்துவைக்கும் ஆசை பலருக்கு வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே காற்றோட்டம் இல்லை, பழுது பார்க்க வழியில்லை, பலகையின் பின்புறம் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தால் சிக்னலும் அதோடு முடிந்தது. அதைவிட முக்கியமாக, ஏசியின் காற்று திரும்பிப் போகும் பாதையாக அந்த இடைவெளியைப் பயன்படுத்தும் கட்டடங்களில், அங்கே ஒரு பிளாஸ்டிக் சாதனமோ கேபிளோ தீப்பிடித்தால் புகை எல்லா அறைக்கும் போய்ச் சேரும். அதனால்தான் அத்தகைய இடங்களில் புகை குறைவாக வரும் உறை போட்ட கேபிளையும், அந்த இடத்துக்கென்று சான்று பெற்ற சாதனத்தையும் மட்டுமே விதிகள் அனுமதிக்கின்றன. பலகைக்குக் கீழே மாட்டுங்கள். அப்போதும் வெறும் ஜிப்சம் பலகையில் ஸ்குரூவைத் திருகி விட்டுவிடாமல், அலுமினியச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பையோ, பலகைக்குப் பின்னால் வைக்கும் தாங்குதகட்டையோ பயன்படுத்துங்கள்.

இடம் தேர்வு செய்யும்போது விசிறி இறக்கை சுற்றும் வட்டத்துக்கு வெளியே நில்லுங்கள். புகை உணரியையும் தீயணைப்புத் தெளிப்பானையும் மறைக்காதீர்கள்.

சொந்த வீடு, நடுவில் ஒரு கூடம், கூரைக்கு லேன் கேபிள் போக வழியிருக்கிறது, ஏறி வேலை செய்யத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

சுவரில் மாட்டினால்

சுவர் நடுத்தரமான வழி. ஏணியின் இரண்டாம் மூன்றாம் படியிலேயே வேலை முடிந்துவிடும். தூள் கண்ணில் விழாது, ரீசெட் பட்டனும் கிட்டத்தில் இருக்கும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, கூரைக்கான வட்டத் தட்டைச் சுவரில் மாட்டுவது. மாட்டக்கூடாது என்றில்லை, மாட்டலாம். ஆனால் கீழே விரிய வேண்டிய குடை இப்போது பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது. அலையில் நல்ல பங்கு எதிர்ச் சுவரை நோக்கிப் போகும், இன்னொரு பங்கு மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் போகும், முதுகுப் பக்க அறைக்குக் குறைவாகவே கிடைக்கும். நீளவாக்கில் உள்ள வீட்டில் ஒரு கோடிச் சுவரில் மாட்டி மறுகோடியைப் பார்க்க வைத்தால் இதுவே ஆதாயம். சதுரமான வீட்டின் நடுச்சுவரில் மாட்டினால் ஒரு பக்கம் விருந்து, மறுபக்கம் பட்டினி. சுவர்தான் என்று முடிவாகிவிட்டால் சுவருக்கென்றே செய்த மாடலை வாங்குவது நல்லது. வெளிச்சுவரைத் தவிர்க்கவும். அங்கே மாட்டினால் சிக்னலில் ஒரு பங்கு தெருவுக்குப் போகும், சுவரில் ஈரம் ஊறினால் பின்தகடு துருப்பிடிக்கும்.

சுவரில் துளை போடும் விதி எளிது. ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் ஒயர் ஓடலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். குளியலறை, சமையலறைச் சுவரின் மறுபக்கமாக இருந்தால் தண்ணீர்க் குழாயும் ஓடலாம். அந்தப் பட்டைகளை விட்டுவிட்டு மற்ற இடத்தில் போடுங்கள்.

தலைக்கு மேலே, இரண்டு மீட்டருக்குக் குறையாமல் மாட்டினால் பீரோவும் கதவும் குறுக்கே வராது. டிவிக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் ஒரு உலோகப் பலகைக்குப் பின்னால் வைத்த மாதிரிதான்.

ஸ்விட்ச் பெட்டி அளவில், சுவருக்குள் பதிக்கும் சிறிய ஆக்சஸ் பாயிண்டுகளும் கிடைக்கின்றன. அறைக்கு ஒன்று என்று போடும் விடுதிகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு அறைக்கு அழகான தீர்வு. ஆனால் அதை ஸ்விட்ச் இருக்கும் அதே பெட்டிக்குள் நுழைக்கக்கூடாது. மின்சார ஒயருக்கும் நெட்வொர்க் கேபிளுக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

வாடகை வீடு, நீளமான வீடு, உயரத்தில் ஏற முடியாத நிலை, உச்சியில் எஃகு வடமோ வேறு சிக்கலோ இருக்கும் கூரை ஆகியவற்றுக்குச் சுவர் நல்லது.

அலமாரியிலோ மேசையிலோ வைத்தால்

துளை இல்லை, ஏணி இல்லை. கைக்கு எட்டும் தூரம். ஆறு மாதத்தில் காலி செய்யப்போகிற வீட்டுக்கு இதுவே போதும்.

ஆனால் தட்டையான கூரை மாடலைப் படுக்கவைத்தால் அது மேலே பார்த்துக்கொண்டிருக்கும், பாதி அலை மாடி வீட்டுக்குப் போகும். நிறுத்திவைக்கும் ஸ்டாண்டு உள்ள மேசை மாடலை வாங்குங்கள். மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். துணி, புத்தகம் எதையும் மேலே போடாதீர்கள். தொங்கும் ஒயரைக் குழந்தை இழுக்கும், பூனை தள்ளும். கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும், அதற்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வந்து சேரும். மூன்று வழிகளிலும் துளை போடாத வழி இதுதான் என்றாலும், வருடக்கணக்கில் பார்த்தால் கரன்ட் விஷயத்தில் மோசமான வழியும் இதுதான் என்பது என் கருத்து.

| எதைப் பார்க்கிறோம் | கூரை | சுவர் | அலமாரி |
|---|---|---|---|
| சிக்னல் பரவல் | எல்லாப் பக்கமும் சமமாக | ஒரு பக்கம் அதிகம் | தடைகள் அதிகம் |
| மாட்டும்போது ஆபத்து | அதிகம் | நடுத்தரம் | இல்லை |
| மாட்டிய பிறகு ஆபத்து | சரியாக மாட்டினால் குறைவு | குறைவு | ஒயர், சூடு, விழுதல் |
| மறைமுகச் செலவு | ஏணி, ஆள், கேபிள் பாதை, பூச்சு வேலை | கேசிங் பட்டி, பூச்சு வேலை | எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் |
| பிறகு கை எட்டுமா | ஏணி வேண்டும் | ஓரளவு | உடனே |
| பொருந்தும் வீடு | சொந்த வீடு, நடுக்கூடம் | நீளமான வீடு, வாடகை வீடு | தற்காலிகம் |

அலமாரியின் மறைமுகச் செலவில் "இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட்" என்று எழுதியதைக் கவனியுங்கள். இடம் சரியில்லாத ஒன்று போதாமல் போய், இரண்டாவதாக ஒன்று வாங்கியவர்கள் நிறைய.

கரன்ட்: லேன் கேபிளிலா, அடாப்டரிலா?

இரண்டாவது முடிவு இது. முதல் முடிவையே மாற்றும் பலம் இதற்கு உண்டு.

லேன் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறைக்குப் பிஓஇ என்று பெயர். 2003-ல் வந்த 802.3ஏஎஃப் தரம் அனுப்பும் முனையில் 15.4 வாட் தருகிறது. கேபிளில் இழப்பு போக, சாதனத்துக்கு 12.95 வாட் உறுதி. 2009-ல் வந்த 802.3ஏடி தரத்தில் இது 30 வாட், சாதனத்துக்கு 25.5 வாட். 2018-ன் 802.3பிடி தரம் 90 வாட் வரை போகிறது. சாதாரண ஆக்சஸ் பாயிண்டுக்கு முதல் தரமே போதும். ரேடியோக்கள் அதிகம் உள்ள புதிய மாடல்கள் இரண்டாவதைக் கேட்கும். குறைவான வாட் கொடுத்தால் சில மாடல்கள் எரியாமலே இருக்கும், சில மாடல்கள் சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். இந்த இரண்டாவது வகைதான் ஆளைக் குழப்பும்.

பாதுகாப்பில் பிஓஇ ஏன் மேல்? அதன் மின்னழுத்தம் 57 வோல்ட் டிசியைத் தாண்டுவதில்லை. தரப்படி இயங்கும் பிஓஇ ஸ்விட்ச் (விளக்கு ஸ்விட்ச் அல்ல, பல லேன் கேபிள்களை இணைத்து மின்சாரமும் அனுப்பும் நெட்வொர்க் பெட்டி), மறுமுனையில் பிஓஇ சாதனம்தான் இருக்கிறதா என்று சிறு மின்னழுத்தத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முழு மின்சாரத்தைத் திறக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் அணைத்துவிடும். கூரைக்கு வீட்டு மின்சாரம் இழுக்க எலெக்ட்ரீஷியன் வேண்டும், பெட்டி வேண்டும், எர்த் வேண்டும். பிஓஇ கேபிளுக்கு இவை எதுவும் தேவையில்லை. இன்னொரு வசதி, இந்த பிஓஇ ஸ்விட்ச்சையும் ரவுட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் சேர்த்துவிட்டால் கரன்ட் போனாலும் எல்லா ஆக்சஸ் பாயிண்டும் விழித்திருக்கும்.

ஒரே ஒரு ஆக்சஸ் பாயிண்டுக்காகப் பிஓஇ ஸ்விட்ச் வாங்க வேண்டியதில்லை, இன்ஜெக்டர் என்ற சிறு பெட்டி போதும். அதில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று ரவுட்டருக்கு, மற்றொன்று ஆக்சஸ் பாயிண்டுக்கு. மாற்றிச் செருகுவதற்கு முன் எழுத்தைப் படியுங்கள். 24 வோல்ட் "பாசிவ்" இன்ஜெக்டர்கள் மேலே சொன்ன சோதனை எதையும் செய்வதில்லை, யார் இருந்தாலும் மின்சாரத்தைத் தள்ளிவிடும். அதற்கென்றே செய்த சாதனத்தைத் தவிர வேறு எதையும் அதில் இணைத்தால் போர்ட் புகைந்துபோக வாய்ப்புண்டு.

பிஓஇயின் மறைமுகச் செலவு கேபிளில் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் பல லேன் கேபிள்களில் இருப்பது செம்பு பூசிய அலுமினியம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் சரி. சுரண்டிய இடத்தில் வெள்ளி நிறம் பளிச்சிட்டால் அலுமினியம். அதற்கு மின்தடை அதிகம், நீண்ட ஓட்டத்தில் மின்னழுத்தம் விழும், கேபிள் சூடாகும், இரண்டு முறை வளைத்தால் உள்ளுக்குள் ஒடியும். சுவருக்குள் புதைத்த பிறகு தெரியவந்தால் சுவரை உடைக்க வேண்டும். முழுச் செம்பு கேட் 6 கேபிளாகப் பார்த்து வாங்குங்கள், மொத்த ஓட்டம் 100 மீட்டருக்குள் இருக்கட்டும்.

இன்னொன்று, ஒயர் போகும் பைப் ஏற்கெனவே இருக்கிறதே என்று மின்சார ஒயரோடு லேன் கேபிளையும் சேர்த்து இழுக்காதீர்கள். ஆள் வைத்துச் செய்தால்கூட சிலர் இப்படித்தான் இழுத்துவிட்டுப் போகிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பைப்புக்குள் உரசி ஒரு ஒயரின் உறை கிழிந்தால், வீட்டு மின்சாரம் லேன் கேபிள் வழியாக நீங்கள் தொடும் லேப்டாப் வரை வந்து நிற்கும். தனிப் பைப் அல்லது சுவர் மேல் தனிக் கேசிங் பட்டி போடுங்கள். இணையாக ஓட வேண்டி வந்தால் ஒரு அடி இடைவெளி விடுங்கள், குறுக்கே கடக்க வேண்டி வந்தால் நேர்கோணத்தில் கடக்கட்டும். வளைவுகளைக் கேபிள் தடிமனின் நான்கு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் மடிக்காதீர்கள்.

அப்புறம் அடாப்டர். பக்கத்திலேயே நல்ல பிளக் பாயிண்ட் இருந்தால் அதில் ஒன்றும் தவறில்லை. கூட வந்த அடாப்டரையே போடுங்கள். அது கெட்டுப்போனால் அதே வோல்ட், அதே முனை அமைப்பு, அதே அல்லது அதற்கு மேற்பட்ட ஆம்பியர் உள்ளதாக வாங்குங்கள். அடாப்டரைப் பரண் மேலும் ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளும் தூக்கி எறிந்துவிட்டு மறந்துபோவதுதான் ஆபத்து. சூடாவதும் தூசி படிவதும் யார் கண்ணிலும் படாது.

கேபிளே இழுக்க முடியாவிட்டால்

மெஷ் இருக்கிறது. ஒரு பெட்டி இன்னொரு பெட்டியோடு காற்றிலேயே பேசிக்கொள்ளும். துளை வேலை மிச்சம். ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பினால் வேகம் சுமார் பாதியாகும். தங்களுக்குள் பேசத் தனி ரேடியோ வைத்திருக்கும் மாடல்கள் மேல். சிக்னல் செத்துப்போன அறையில் மெஷ் பெட்டியை வைப்பவர்கள் உண்டு. அங்கே அதற்கே சிக்னல் கிடைக்காது, பாதி வழியில் வையுங்கள். மெஷ்ஷுக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மின்சார ஒயரிலேயே தரவை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் மூன்றாவது வழி. சுவரில் இருக்கும் பிளக்கில் நேராகச் செருகினால்தான் ஒழுங்காக ஓடும், சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அதன் சிக்னலை விழுங்கிவிடும். பழைய ஒயரிங்கில் என்ன வேகம் வரும் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். திருப்பிக் கொடுக்க முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

பக்கத்துக் கட்டடத்துக்கோ அவுட்ஹவுஸுக்கோ வெட்டவெளியில் செம்பு லேன் கேபிள் இழுக்கும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பக்கத்தில் இடி விழுந்தாலே அந்தக் கேபிள் வழியாக இரண்டு பக்கச் சாதனங்களும் போய்விடலாம். அங்கே ஃபைபர்தான் சரி.

கதிர்வீச்சு பயம்

இதைக் கேட்காத குடும்பம் இல்லை. அதனால் கணக்காகவே பார்த்துவிடலாம். பல நாடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கான உச்ச வரம்பு 100 மில்லிவாட். ஒரு மீட்டர் தூரத்தில் இது சதுர மீட்டருக்குச் சுமார் 0.008 வாட் ஆகிறது. பொதுமக்களுக்காக ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேச ஆணையம் இந்த அலைவரிசைக்கு வகுத்திருக்கும் எல்லை சதுர மீட்டருக்கு 10 வாட். ஆயிரத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. 20 சென்டிமீட்டர் வரை நெருங்கினாலும் சுமார் 0.2 வாட், அதாவது எல்லையில் 2 சதவீதம். அனுமதி 1 வாட் வரை இருக்கும் இடங்களில் இதே கணக்கைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், அப்போதும் எல்லைக்குள்தான். சாதனத்தோடு வரும் தாளில் "உடலிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி வைக்கவும்" என்று இருப்பது இந்தக் கணக்கை ஒட்டித்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் ரேடியோ அலைகளை "ஒருவேளை காரணமாகலாம்" என்ற 2பி வகுப்பில் சேர்த்ததும் உண்மை. மனம் ஒப்பாதவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கூரையில் மாட்டுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் அளவு கால் பங்காகிவிடும். கட்டில் தலைமாட்டிலும் படிக்கும் மேசையிலும் வைக்கும் அலமாரி வழியில்தான் 20 சென்டிமீட்டர் விதியே மீறப்படுகிறது.

துளை போடுவதற்கு முன்

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு மாலை நேரத்தை ஒத்திகைக்குக் கொடுங்கள். நினைத்த இடத்துக்கு நேர் கீழே மடக்கு ஏணியை விரித்து, அதன் உச்சியில் ஆக்சஸ் பாயிண்டைக் கூரையில் மாட்டினால் எப்படிப் பார்க்குமோ அப்படிக் கட்டிவையுங்கள். நீளமான லேன் கேபிளைத் தரையிலேயே ஓட்டுங்கள். ஃபோனில் சிக்னல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, கதவுகளைச் சாத்திவிட்டு ஒவ்வொரு அறையின் மூலைக்கும் நடந்து பாருங்கள். சிக்னல் வலிமையை டிபிஎம் என்ற அளவில் காட்டும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. தூரத்து மூலையில் மைனஸ் 67 டிபிஎம்முக்கு மேல், அதாவது மைனஸ் 60, 55 என்று வந்தால் வீடியோ அழைப்புகூடத் தடுமாறாது. மைனஸ் 75-ஐத் தொட்டால் ஏணியை இரண்டு மீட்டர் நகர்த்திவிட்டு மறுபடி நடங்கள். எந்த இடத்திலும் எல்லா அறைக்கும் எட்டவில்லை என்றால் உங்களுக்கு இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் தேவை. அப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்களில் வெவ்வேறு ஒன்றைக் கொடுத்து, இரண்டின் சக்தியையும் கொஞ்சம் குறைத்துவையுங்கள். சக்தி முழுவதும் திறந்திருந்தால் ஃபோன் அறை மாறிய பிறகும் பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

இடம் முடிவானதும் சாதனத்தின் அடியில் இருக்கும் மேக் எண், சீரியல் எண் ஸ்டிக்கரை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேர் புதுப்பிப்பையும் தரையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பிறகு பின்தகட்டை வைத்துப் பென்சிலால் குறி போட்டு, எம்சிபியை இறக்கிவிட்டு ஏறுங்கள்.